அபராதம் கட்டாத பேத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற வாரம் இதே பகுதியில் ஓர் அன்பர், டியூஷனில் பிள்ளைகளைத் தமிழில் பேசவிட்டால் இங்கிலீஷ் எப்படி வரும், கண்டிப்பு வேண்டாமா என்று கேட்டிருந்தார். அந்தக் கண்டிப்புக்கு மாதாமாதம் பணம் கட்டி ஏமாந்தவன் நான்.

என் பேத்தி எட்டாம் வகுப்பு படிக்கிறாள். போன வருடம் அவளைச் சேர்த்துவிட்ட இடத்தில் ஒரு தமிழ் வார்த்தைக்கு ஐந்து ரூபாய் அபராதம். மாதக் கடைசியில் கணக்குச் சொல்லி அனுப்புவார்கள். மூன்று மாதம் அவள் பெயருக்கு நேரே ஒரு பைசா இல்லை. பிள்ளை இங்கிலீஷில் வெளுத்து வாங்குகிறாள் என்று டீக்கடை வரைக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிறகுதான் தெரிந்தது, அவள் அங்கே வாயையே திறக்கவில்லை.

இப்போது போவது பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மொட்டை மாடி வகுப்பு. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள், ஒரு மிஸ். முதல் வாரம் நோட்டையே திறக்கவில்லை என்றதும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருநாள் கூட்டிப்போகிற சாக்கில் படிக்கட்டிலேயே உட்கார்ந்து கேட்டேன்.

காசிமேட்டுப் பையன் ஒருவன் எழுந்து பேசினான். அவன் அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் அல்லவா, அதைத்தான் சொன்னான்: “சிக்ஸ்டி ஒன் டேஸ் நோ ஸீ. ஃபாதர் ஸ்லீப்பிங். அம்மா ஷவுட்டிங்.” மாடியே சிரித்தது. அவன் இங்கிலீஷைப் பார்த்து இல்லை, அவன் சொன்ன வேடிக்கைக்கு. அந்தப் பையனின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மிஸ் நடுவில் ஒரு வார்த்தை திருத்தவில்லை. முடித்ததும், “ஓ, யுவர் ஃபாதர் இஸ் ஸ்லீப்பிங்? அண்ட் யுவர் மதர் இஸ் ஷவுட்டிங் அட் ஹிம்?” என்று சாதாரணமாகக் கேட்டார். “யெஸ் மிஸ், ஷி இஸ் ஷவுட்டிங் டெய்லி” என்றான். விட்டுப்போன ‘இஸ்’ தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. வஞ்சிரம், சங்கரா எல்லாம் தமிழ்ப் பெயரிலேயே வந்தன. அதற்கு இங்கிலீஷ் தேடிக்கொண்டு நிற்காதே, மேலே சொல்லு என்பது அங்கே சட்டம்.

பிழைகளை அவர் கவனிக்காமல் இல்லை. ஒரு சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிறார். கடைசிப் பத்து நிமிடம் அதில் மூன்றை மட்டும், யார் சொன்னது என்று சொல்லாமல், போர்டில் எழுதுகிறார். பிள்ளைகளே திருத்துகிறார்கள்.

‘இஸ்கூல்’ என்று சொல்கிற பிள்ளையை ஊரே கேலி செய்யும். இவர் அதற்குக் காரணம் சொன்னார். தமிழ்ச் சொல் இரண்டு மெய்யெழுத்தை ஒட்டி வைத்துக்கொண்டு தொடங்காது, அதனால் நாக்கு முன்னால் ஓர் இகரத்தைப் போட்டுக்கொள்கிறது; ராமனை இராமன் ஆக்கியதும் லோகத்தை உலகம் ஆக்கியதும் இந்த மாதிரிப் பழக்கம்தான் என்றார். பிறகு குக்கர் விசில் மாதிரி ‘ஸ்ஸ்ஸ்’ என்று இழுக்கச் சொல்லி, அப்படியே ‘கூல்’ என்று முடிக்கச் சொன்னார். தன் நாக்கில் குறையில்லை என்று தெரிந்த பிள்ளை எவ்வளவு சத்தமாகச் சொல்கிறது தெரியுமா!

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் அடி. வடசென்னையிலிருந்து பாலம் தாண்டி நகரத்தின் மற்ற பக்கம் போனால் இவர்கள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். தெருவில் நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசினால் “பீட்டர் வுடுறா பாரு” என்கிறார்கள். இதில் அபராதம் வேறு போட்டால் பிள்ளை எங்கே போய்ப் பேசும்?

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கும் மிஸ்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை. பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் 100 மதிப்பெண்ணும் எழுதி வாங்குவது. பேச்சுக்கு அதில் இடமில்லை. என் பேத்தியின் ஸ்பெல்லிங் இன்னும் கண்றாவியாகத்தான் இருக்கிறது. சொன்னால், “எழுத்து பின்னால வந்துடும் தாத்தா, பயந்துட்டா பேச்சு வராது” என்கிறார். நான் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது சனிக்கிழமை சனிக்கிழமை டிக்டேஷன் வைக்கிறார். என் நச்சரிப்புதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் பயத்தைப் பற்றி அவர் சொன்னதை என்னால் மறுக்க முடியாது. 1981-ல் துறைமுகத்தில் டாலி கிளார்க்காகச் சேர்ந்தவன் நான். கப்பலிலிருந்து இறங்கும் மூட்டை, பெட்டிகளை எண்ணி டாலி ஷீட்டில் இங்கிலீஷில் எழுதுவது வேலை. உடைந்தது, நனைந்தது, குறைவது எல்லாம் பிழையில்லாமல் எழுதுவேன். கப்பல் ஆபீசர் நேரில் வந்து ஏதாவது கேட்டால் மட்டும், பக்கத்தில் நிற்பவரைக் கைகாட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். முப்பது வருடத்துக்கு மேல் இதே கதை.

பேத்தி இதை மிஸ்ஸிடம் சொல்லிவிட்டாள். வருகிற வெள்ளிக்கிழமை மாடிக்கு வந்து, கப்பலில் சரக்கு எப்படி இறங்கும் என்று பிள்ளைகளுக்கு இங்கிலீஷில் சொல்லவேண்டும் என்று ஆள் அனுப்பியிருக்கிறார். நான்கு நாளாகச் சாக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன். முட்டிவலி என்றேன். நாற்காலி போட்டுத் தருகிறார்களாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற துறைமுக ஊழியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை - 21.