கறுத்த மாதாவின் கதையைத் தமிழில் அச்சேற்ற உதவுங்கள்

அன்பான சுவிஸ் வாழ் உறவுகளுக்கு வணக்கம்.

ஐன்சீடெல்ன் துறவிமடத்துக் கோவிலில் இருக்கும் கறுத்த மாதாவிடம் நம்மில் வேதக்காரரும் போகிறோம், சைவக்காரரும் போகிறோம். மெழுகுதிரி ஏற்றுகிறோம், பிள்ளைக்குச் சோதனை என்றால் நேர்த்தி வைக்கிறோம். போன முறை பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு சிறுமி, "அம்மம்மா, மாதா ஏன் கறுப்பு?" என்று கேட்டாள். "எங்களை மாதிரித்தான் பிள்ளை" என்றார் அம்மம்மா. பஸ் முழுக்கச் சிரிப்பு. நல்ல பதில்தான். ஆனால் உண்மைக் கதை இன்னும் சுவையானது. அதைத் தமிழில் ஒரு சிறு புத்தகமாகப் போடுவதற்குத்தான் உங்கள் முன் கை நீட்டுகிறோம்.

அந்தச் சுரூபம் 15ஆம் நூற்றாண்டு மரச் சிற்பம். 1465இல் மாதா இருக்கும் சிற்றாலயம் தீப்பிடித்த பிறகு வைக்கப்பட்டது. அப்போது முகம் கறுப்பில்லை. 1798இல் பிரெஞ்சுப் படை ஐன்சீடெல்னுக்குள் வந்து சிற்றாலயத்தை இடித்தது. அதற்குள் துறவிகள் மாதாவை மறைவாக வெளியே கொண்டுபோய்விட்டார்கள். ஆஸ்திரியாவின் புளுடென்ஸ் ஊரில் 1799இல் ஃபூட்ஷர் என்ற கைவினைஞரிடம் சுரூபத்தைச் சீர்செய்யக் கொடுத்தார்கள். அவர் துடைக்கத் துடைக்க அடியிலிருந்து தோல் நிறம் வந்தது. அந்தக் கறுப்பு தூரிகை பூசியது அல்ல, நூற்றாண்டுக் கணக்காக எரிந்த விளக்குகளின் புகைதான் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். முகத்தை வெளுப்பாக்கினார். பார்த்தவர்களுக்குப் பிடிக்கவில்லை, இது நம்முடைய மாதாவே இல்லை என்று சனம் சொல்லிவிடுமோ என்ற பயம். சரி என்று திரும்பவும் கறுப்புப் பூசினார். மாதா ஊர் திரும்பியது 1803இல். 2008இல் இலங்கைப் போருக்குள் மடு மாதாவைத் தேவன்பிட்டிக்குக் கொண்டுபோனதைக் கண்டவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையில்லை.

புத்தகம் இதோடு நிற்காது. இன்றைய சுவிஸ் மண்ணிலும் அதன் அக்கம்பக்கத்திலும் மத்திய காலத்தில் மரத்தில் செதுக்கிய சுரூபங்களைப் பற்றித்தான் பாதிப் புத்தகம். அவற்றைச் செய்த விதத்தைச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. அடிமரத்தை எடுத்து, முதுகுப் பக்கத்தைக் குடைந்து வெறுமையாக்குவார்கள். உள்மரம் மெதுவாகக் காய்ந்து வெளிமரத்தைப் பிளந்துவிடாமல் இருக்கத்தான் அது. அதன்மேல் பசையும் சுண்ணப்பொடியும் பல பூச்சு, தேய்ப்பு, பொன் வரும் இடத்தில் செம்மண் பூச்சு, அப்புறம்தான் பொன் தாள். தெற்கு ஜெர்மனிப் பக்கம் பெரும்பாலும் லிண்டன் மரம். ஆங்கிலத்தில் அதை லைம் என்பதால் எங்கள் முதல் வரைவில் ஒருவர் "எலுமிச்சை மரச் சிற்பங்கள்" என்றே எழுதிவிட்டார்!

சூரிச் தேசிய அருங்காட்சியகத்தில் 11ஆம் நூற்றாண்டின் மரக் கழுதை ஒன்று, மேலே இயேசு அமர்ந்தபடி இருக்கிறது. ஷ்விட்ஸ் மாநிலத்து ஸ்டைனன் ஊரிலிருந்து வந்தது. குருத்தோலை ஞாயிறன்று இப்படிப்பட்ட கழுதைகளைச் சக்கரம் பூட்டித் தெருவில் இழுத்துப் போவார்கள். தேர் இழுத்த கைகளுக்கு இது புதுசா என்ன?

தனிச் செபத்துக்கென்று செய்தவை வேறு வகை. துர்காவ் மாநிலத்துக் கத்தரினென்தால் கன்னியர் மடத்துக்கு, 1300ஐ ஒட்டி, கொன்ஸ்டன்ஸ் நகரத்து மாஸ்டர் ஹைன்ரிக் வால்நட் மரத்தில் ஒரு சுரூபம் செய்தார். இயேசுவின் நெஞ்சில் அவர் சீடர் யோவான் தலை சாய்த்துக் கண் மூடியிருக்கிறார், இருவர் வலக்கைகளும் சேர்ந்திருக்கின்றன. செய்து முடித்ததைப் பார்த்து மாஸ்டரே வியந்து போனார் என்று மடத்துச் சகோதரிகளின் ஏடு சொல்கிறது. அது இன்று பெல்ஜியத்தின் அன்ட்வேர்ப்பில். அதே மடத்தின் மரியாள்–எலிசபெத் சந்திப்புச் சுரூபம், உயரம் வெறும் 59 சென்டிமீட்டர், நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில். இரு தாய்மாரின் உடலிலும் குழந்தை இருக்கும் இடத்தில் படிகக் கல் பதித்திருக்கிறது. இந்தப் படம் இல்லாமல் புத்தகம் போட மாட்டோம் என்பதில் குழுவில் எல்லோரும் ஒரே பிடி.

சுரூப வணக்கம் கூடாது என்ற சீர்திருத்தக் காலத்தில், 1524 கோடையில் சூரிச் நகரக் கோவில்களில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு வாரத்துக்குள் சுரூபங்களை அகற்றியதும் புத்தகத்தில் வரும். மிஞ்சியவை எவ்வளவு அருமையானவை என்பது அதற்குப் பிறகுதான் விளங்கும்.

இனிக் காசுக் கணக்கு. 64 பக்கம், வண்ணப் படங்கள், 1,000 பிரதி. படங்களின் உரிமைக் கட்டணத்தோடு 9,400 பிராங். 11 குடும்பங்கள் சேர்ந்து 3,100 போட்டிருக்கிறோம். அதில் 280 வீணாய்ப் போனதையும் ஒளிக்காமல் சொல்கிறோம்: ஓர் அச்சகத்தில் மாதிரிப் படி எடுத்தோம், "கொ" எல்லாம் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று வந்தது. இப்போது தமிழ் எழுத்துத் தெரிந்த வேறு இடத்தில் பேசியிருக்கிறோம். எழுதியவர்களுக்கும் படி திருத்துபவர்களுக்கும் ஊதியம் இல்லை. புத்தகம் யாத்திரை பஸ்களிலும் ஆலய மண்டபங்களிலும் இலவசமாகக் கிடைக்கும்.

20 பிராங் என்றாலும் பெரிய உதவி. மாதக் கடைசி ஞாயிறுகளில் தமிழ்த் திருப்பலி முடிந்ததும் மண்டப வாசலில் மேசை போட்டிருப்போம், ரசீது கையோடு தருவோம். பெயர் போட வேண்டாம் என்பவர்கள் அதையும் சொல்லுங்கள். காசு தர இயலாதவர்கள் வீட்டு அல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். எண்பதுகளில் வந்த புதிதில், குளிர்ச் சட்டையோடு ஐன்சீடெல்ன் வாசலில் நின்று எடுத்த படம் இருந்தால் இரவல் தாருங்கள். கடைசி நாலு பக்கம் அதற்கென்றே ஒதுக்கியிருக்கிறோம், படத்தைப் பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

— புத்தகக் குழுவினர்