பழைய லான்ட் றோவரின் எஞ்சின் மாற்றம் பற்றி மகளுக்கு

ஒட்டுசுட்டான்

அன்புள்ள மகளுக்கு,

வண்டிக்கென்று நீங்கள் இருவரும் அனுப்பிய பணம் கிடைத்தது. அதில் ஜப்பான் டர்போ எஞ்சின் ஒன்றை வாங்கிப் போடவேண்டும் என்பது மருமகனின் விருப்பம் என்றும் அறிவேன். ஆனால், லான்ட் றோவரின் சொந்த டீசல் எஞ்சின் ஒன்றையும் அதனோடு சேர்ந்து ஓடிய கியர்பொக்ஸையும் வாங்கிப் பூட்டுவதென்று முடிவெடுத்திருக்கிறேன். பணம் தந்தவர்கள் என்பதால் மட்டுமல்ல, நாளைக்கு இந்த வண்டி உங்களுடையது என்பதாலும் காரணத்தை விளக்கமாக எழுதுகிறேன்.

நம்முடையது 88 அங்குலக் குட்டை வண்டி, 1971இல் வெளிவரத் தொடங்கிய மூன்றாம் சீரிஸ், 2,286 சி.சி. பெற்றோல் எஞ்சின். 1990இல் வந்த பொருளாதாரத் தடையால் பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காத காலத்தில், யாழ்ப்பாணத்தில் பெரியப்பா காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார். இந்த எஞ்சினின் அமுக்க விகிதம், அதாவது சிலிண்டருக்குள் காற்றும் எரிபொருளும் நெருக்கப்படும் அளவு, 8க்கு 1, சிலவற்றில் 7க்கு 1 என்று தாழ்வாக இருந்தபடியால்தான் அது மண்ணெண்ணெயைத் தாங்கியது. ஆனாலும் முழுதாக எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஓயில் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி, அடியில் உள்ள ஓயிலையும் நீர்க்கப்பண்ணிவிடும். இப்போது ஓயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் புகை விட்டுவிட்டு வருகிறது. எஞ்சின் தலையைக் கழற்றிப் பார்த்தபோது, சிலிண்டரின் மேல் விளிம்பில் பிஸ்டன் வளையம் எட்டாத இடத்துக்கும் தேய்ந்த இடத்துக்கும் இடையே நகம் தடக்கும் அளவுக்கு ஒரு படி விழுந்திருந்தது. பெரியப்பாவை இதற்காக நான் ஒருபோதும் குறை சொல்லமாட்டேன். அந்த ஓட்டத்தில்தான் எத்தனையோ நோயாளிகள் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தார்கள்.

கியர்பொக்ஸ் தேய்ந்தது இங்கே, வயல் வேலையில். நெல் மூட்டையோடு குளக்கட்டால் இறங்கும்போது இரண்டாம் கியர் தானாகக் கழன்று விழுகிறது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே வரவேண்டியிருக்கிறது. ஓயிலை வடித்தபோது பித்தளைத் தூளும் இரும்புச் செதிலும் சேர்ந்து வந்தன. லான்ட் றோவரில் கியர்பொக்ஸை இறக்குவதென்றால் சீற்றுப் பெட்டியையும் தரைத் தகடுகளையும் கழற்றி, உள்ளே இருந்து மேலே தூக்கி எடுக்கவேண்டும். முன்னால் றேடியேற்றரைக் கழற்றி எஞ்சினையும் வெளியே எடுத்திருக்கும் நேரத்தில் பழைய கியர்பொக்ஸைத் திரும்பப் பூட்டுவது, அதே வேலைக்கு இன்னொருமுறை கூலி கொடுப்பதற்கு வழிசெய்வதாகும். ஆகவே இரண்டும் ஒன்றாகவே மாறவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

டீசல் எஞ்சினைத் தேர்ந்ததற்கு முதற் காரணம் தண்ணீர். மாரியில் முத்தையன்கட்டுக் குளம் வான் பாயும் நாட்களில், வாய்க்காலைத் தாண்டும்போது பெற்றோல் எஞ்சினின் பிளக் வயர்கள் நனைந்து நடுநீரில் நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். டீசலுக்குத் தீப்பொறி தேவையில்லை. 23க்கு 1 என்ற அமுக்கத்தின் சூட்டிலேயே எரிகிறது. அதன் வலு 62 குதிரை வலுதான், பெற்றோல் எஞ்சினை விடக் குறைவு. ஆயினும் களியில் வண்டியை நகர்த்துவது மெதுவான சுழற்சியிலேயே கிடைக்கும் இழுவை; அது இந்த எஞ்சினிடம் போதுமானளவு உண்டு. அத்தோடு இது நம் பழைய எஞ்சினின் அதே குடும்பம் என்பதால் செசியில் ஓரிடமும் வெட்டாமல், இடையில் தகடு செய்து ஒட்டாமல், அதே இடத்தில் வந்து உட்காரும். 1980க்குப் பின் வந்தவற்றில் பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங் சாஃப்டை மூன்றுக்குப் பதிலாக ஐந்து பெயாரிங்குகள் தாங்குகின்றன. அப்படிப்பட்ட ஒன்றையே கொழும்பில், உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பார்த்து வைத்திருக்கிறேன்.

டர்போ எஞ்சின் நல்ல எஞ்சின்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குட்டை வண்டியின் பின் அக்சிலுக்குள் இருக்கும் தண்டுகள் மெல்லியவை. சில்லு சேற்றில் புதைந்து திடீரெனப் பிடிக்கும்போது, கூடிய இழுவை அவற்றைத்தான் முதலில் முறிக்கும். நான்கு சில்லுகளிலும் பழைய டிரம் பிரேக்குகள். வண்டியின் மற்றப் பாகங்கள் தாங்கும் அளவுக்கே எஞ்சின் இருக்கவேண்டும். மிஞ்சும் பணத்தைப் பிரேக்குக்கே செலவழிக்கப்போகிறேன்.

டாங்கியில் துருவைக் கழுவி, டீசல் திரும்பி வர ஒரு குழாய் போட்டு, பெரிய பற்றரி வைக்கவேண்டும். எஞ்சின் இலக்கமும் எரிபொருள் வகையும் மாறுவதைப் பதிவுப் புத்தகத்திலும் திருத்தவேண்டும். காலபோக விதைப்புக்கு முன் எல்லாம் முடிந்துவிடும். சிறிது ஓடிய பின் எஞ்சின் தலையின் நட்டுகளை மறுபடி இறுக்கி, வால்வு இடைவெளியை 0.25 மி.மீ. என்று சரிபார்க்கவேண்டும். பிளைவீல் கூட்டின் அடியில் ஓயில் சொட்டி வெளியேற ஒரு துளை உண்டு. தண்ணீரில் இறங்கும் முன் அதற்குத் திருகுமூடி போடவும், ஏறிய பின் கழற்றவும் தம்பிக்குப் பழக்கிவிடுவேன்.

மருமகனிடம் ஒன்று கேள். இந்த வண்டியின் நட்டுகள் அங்குல அளவு. இங்கே கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் மில்லிமீற்றர் சாவிகள், அவை நட்டின் முனைகளை மழுக்கிவிடுகின்றன. மார்கழியில் வரும்போது அங்குல அளவுச் சொக்கற் செட் ஒன்று கொண்டுவரச் சொல்.

அன்புடன்,
அப்பா