பெட்டைக் குதிரைக்கு அதே மருந்தை மறுபடி தொடங்கும் முன்

அன்பு மகனுக்கு,

பெட்டைக்கு இந்த வருஷத்தில் மூன்றாம் தடவையாக மூத்திரக் கடுப்பு, மிச்சமிருக்கிற மருந்தையே கொடுக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். குதிரைக்கு இந்த நோய் லேசில் வராது. திரும்பத் திரும்ப வருகிறதென்றால் கிருமியை உள்ளே தங்கவைக்கிற காரணம் ஏதோ இருக்கிறது. அதைத் தேடாமல் மருந்து கொடுத்தால் கிருமிக்கு மருந்து பழகிப்போகும், அவ்வளவுதான்.

முதலில் இது கடுப்புத்தானா என்று பார். குதிரை மூத்திரம் இயல்பிலேயே கலங்கலாக, கொழகொழப்பாக இருக்கும். அதில் இருப்பது சுண்ணாம்புத் துகள். தரையில் கிடந்து சிவப்பதும் உண்டு. சூட்டுக்கு வந்த பெட்டையும் வாலைத் தூக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீச்சும், ஆனால் ஒரு கிழமைக்குள் தணிந்துவிடும். கடுப்பென்றால் பெய்து முடித்த பிறகும் முக்கிக்கொண்டு நிற்கும், கடைசியில் இரத்தம் சொட்டும், பின்தொடை ஈரத்தில் வெந்து முடி உதிரும்.

மருந்துக்கு முன்னால் மாதிரி எடுக்கவேண்டும். புதிதாக வைக்கோல் பரப்பிவிட்டால் பெரும்பாலும் உடனே பெய்யும். முதலில் வருவதை விட்டுவிட்டு நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய போத்தலில் பிடி. மிருக வைத்தியர் குழாய் விட்டு எடுத்தால் இன்னும் நல்லது. ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே பேராதனை மிருக வைத்திய பீடத்துக்குக் கொண்டுபோக வழி பார். போகிற வழியில் றம்பொடை இறக்கத்தில் பஸ்ஸில் சூடாகிக் கிடந்தால் கிருமிக் கணக்கு பொய்யாகிவிடும். நடுவில் பிடித்ததில் ஒரு மில்லி லீட்டருக்கு 10,000 கிருமி, குழாயில் எடுத்ததில் 1,000 கிருமி என்பதைத் தாண்டினால்தான் நோயென்று எடுப்பார்கள். எந்த மருந்துக்கு அந்தக் கிருமி சாகும் என்பதையும் எழுதித் தரச் சொல்.

அடுத்தது காரணம். பெட்டையின் பின்னால் நின்று பெண்குறியின் உதடுகளைப் பார். நேராக நின்று இறுக மூடியிருக்கவேண்டும், முக்கால்வாசியாவது இடுப்பெலும்புக்குக் கீழே இருக்கவேண்டும். வயசான, மெலிந்த பெட்டையில் ஆசனவாய் உள்ளே இழுத்துக்கொள்ளும், உதடுகள் மேல்நோக்கிச் சாய்ந்துவிடும். சாணம் நேரே அதன்மேல் விழும், ஓடும்போது காற்றை உறிஞ்சுகிற சத்தம் கேட்கும், மூத்திரம் உள்ளே தேங்கும். எனக்கு முதல் சந்தேகம் இதில்தான், நீ பார்த்துக்கொள்வது குட்டி போட்டு இளைத்த பெட்டை. தீனி கூட்டி உடம்பு தேறினாலே பாதி சரியாகும். மிச்சத்துக்கு வைத்தியர் மேல்பாதியைத் தைத்து மூடுவார். மறுபடி சினையானால் ஈனுவதற்கு முன் அந்தத் தையலைப் பிரிக்க மறந்துவிடாதே, கிழிந்துபோகும்.

அதில் குறையில்லையென்றால் ஸ்கேன். ஓடிவந்த பிறகு இரத்தம் போனால் கல்லாக இருக்கலாம். பெட்டைக்கு மூத்திரக் குழாய் குட்டையாக, அகலமாக இருப்பதால் சின்னக் கல் தானே வந்துவிடும், பெரியதை மயக்கி எடுப்பார்கள். நடக்கும்போதும் இருமும்போதும் ஒழுகினால், வால் துவண்டிருந்தால், மூத்திரப்பை தளர்ந்து அடியில் வண்டல் படிந்திருக்கும். அதைக் குழாய் விட்டுக் கழுவவேண்டும். சோளப்புல் (மக்காச்சோளம் அல்ல, இறுங்கு), சூடான் புல் தின்றாலும் நரம்பு கெட்டு இப்படி ஆவதுண்டு. யார் கொண்டுவந்து போட்டாலும் வாங்காதே.

மருந்து வைத்தியர் பொறுப்பு. ட்ரைமெத்தோப்ரிம் சல்பா என்கிற கிருமிகொல்லி தந்தால் வழக்கமாக கிலோவுக்கு 30 மில்லிகிராம், நாளுக்கு இருமுறை. 400 கிலோ குதிரைக்கு ஒரு வேளைக்கு 12 கிராம். மூன்றாம் நாள் சுகமானதுபோல் தெரியும், நிறுத்தாதே. ஒரு கிழமைக்குக் குறையக்கூடாது, திரும்பி வருகிற நோய்க்கு இன்னும் நீளும். கழிச்சல் கண்டால் மட்டும் நிறுத்திவிட்டுக் கூப்பிடு. மருந்து முடிந்து ஒன்றிரண்டு கிழமையில் மறுபடி மாதிரி அனுப்பு. ஏப்ரல் குதிரைப் பந்தயத்துக்குப் பேர் கொடுக்கிற உத்தேசம் இருந்தால் மருந்து விவரத்தை உடமைக்காரரிடம் இப்பவே சொல்லிவிடு.

நுவரெலியாக் குளிரில் ஐஸ் தண்ணியைக் குதிரை சரியாகக் குடிக்காது. நாளுக்கு 20 லீட்டராவது உள்ளே போகவேண்டும், சுடுதண்ணி கலந்து வெதுவெதுப்பாக வை. தீனியில் தூள் உப்பு 50 கிராம் சேர். தண்ணி எப்போதும் முன்னால் இருந்தால்தான் உப்பு. வெந்த இடத்தை வெறும் தண்ணியில் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசலின் தடவு. டெட்டோல் ஊற்றிக் கழுவுகிற வேலை வேண்டாம்.

காய்ச்சல் 38.5 பாகைக்கு மேல் போய்த் தீனியை விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கலாம். ஒரு சொட்டும் போகாமல் முக்கினால் விடியும்வரை காத்திராதே, இரவென்றாலும் வைத்தியரைக் கூப்பிடு. அறிக்கை வந்ததும் படம் பிடித்து அனுப்பு.

அம்மா