சிந்தெடிக் என்ற சொல் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சரக்கு வாகனப் பராமரிப்பு குறித்துத் தங்கள் சென்ற இதழில் வந்த கட்டுரையை, சங்ககிரியில் லாரிப் பட்டறை வைத்திருப்பவன் என்ற முறையில் ஆர்வத்தோடு படித்தேன். பின் அச்சின் நடுவில் இருந்து சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலுக்கு, சிந்தெடிக் (செயற்கை முறையில் தயாரித்த) கியர் ஆயில் ஊற்றுவது நல்லது என்ற அதன் பரிந்துரையில் எனக்கு உடன்பாடு உண்டு. ஆனால் எந்த சிந்தெடிக் என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டுவிட்டது. அந்த விடுபடலால் ஏற்படும் சேதத்தை நேரில் பார்த்திருப்பதால் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு ஒரு சிறிய சரக்கு வண்டி, பின்பக்கத்தில் ஊளைச் சத்தத்தோடு என்னிடம் வந்தது. நல்ல ஆயிலாக இருக்கட்டும் என்று உரிமையாளர் வேறோர் இடத்தில் கூடுதல் விலை கொடுத்து சிந்தெடிக் ஊற்றியிருந்தார். டிஃபரன்ஷியலின் கூடான ஹவுசிங்கைத் திறந்தால், கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்திலும் அதைச் சுழற்றும் பினியன் என்ற சிறிய பல்சக்கரத்திலும் பல்லுக்குப் பல் உரசல் கோடுகள். மீதம் இருந்த டப்பாவைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். கியர் ஆயில் எவ்வளவு கடுமையான அழுத்தத்துக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜிஎல் குறி, அதில் ஜிஎல்-4 என்று இருந்தது. கலப்படமும் இல்லை, மட்டமான சரக்கும் இல்லை. கியர்பாக்ஸுக்கு உரிய நல்ல ஆயில், இடம் மாறிப் போயிருந்தது.

அந்த வண்டியின் டிஃபரன்ஷியல் ஹைபாய்டு வகை. 1926-இல் அமெரிக்காவின் பேக்கர்டு கார்களில் அறிமுகமான இந்த அமைப்பில், பினியனின் அச்சு கிரவுன் வீலின் மையத்துக்குச் சற்றுக் கீழே இருக்கும். இதனால் கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டைத் தாழ்த்த முடிந்தது. ஆனால் பற்கள் உருள்வதோடு நில்லாமல் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவும் செய்தன. பாரம் ஏற்றிய வண்டியில் அந்த அழுத்தத்தை எண்ணெய்ப் படலம் மட்டும் தாங்காது. அது கிழியும் இடத்தில் இரும்போடு இரும்பு ஒட்டிப் பிய்யாமல் தடுப்பது, ஆயிலில் கலந்திருக்கும் கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பல்லின் மேல் உண்டாக்கும் மெல்லிய வேதிப்படலமே ஆகும். ஜிஎல்-5 ஆயிலில் இச்சேர்மங்கள் ஜிஎல்-4-ஐவிட ஏறக்குறைய இரு மடங்கு இருக்கும். எனவே ஹைபாய்டு டிஃபரன்ஷியலுக்கு முதலில் பார்க்க வேண்டியது இந்த எண்ணைத்தான். ஜிஎல்-5 குறியுள்ள சாதாரண மினரல் ஆயில் (கச்சா எண்ணெயிலிருந்து சுத்திகரித்த கனிம எண்ணெய்), ஜிஎல்-4 குறியுள்ள விலையுயர்ந்த சிந்தெடிக்கைவிட அங்கே பாதுகாப்பானது. அதற்காக ஜிஎல்-5-ஐ எல்லா இடத்திலும் ஊற்றிவிடவும் கூடாது. தயாரிப்பாளர் அனுமதிக்காத கியர்பாக்ஸில் அது கியர் மாற்றும்போது பல்சக்கரங்களின் வேகத்தைச் சமப்படுத்தும் பித்தளை சின்க்ரோ வளையங்களைக் கெடுத்துவிடலாம்.

சிந்தெடிக்கின் உண்மையான பலம் சூட்டைத் தாங்குவதில் இருக்கிறது. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் முழு பாரத்தோடு ஏறும் லாரியின் டிஃபரன்ஷியலுக்கு, எஞ்சினுக்கு இருப்பதுபோல் ஆயில் ஃபில்டரோ தண்ணீர்க் குளிர்விப்போ கிடையாது. ஹவுசிங்கின் மேல் படும் காற்றுதான் துணை. ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் ஆயில் ஆக்ஸிஜனோடு சேர்ந்து கெடும் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. அந்தச் சூட்டில் மினரல் ஆயிலைவிடப் பிஏஓ (பாலி ஆல்ஃபா ஓலெஃபின்) வகை சிந்தெடிக் மெதுவாகவே கெடுகிறது, அதிகம் நீர்த்துப் போவதுமில்லை. மலைப்பாதையிலேயே நாள்தோறும் ஓடும் வண்டிக்குக் கூடுதல் விலை கொடுப்பதில் நியாயம் உண்டு. சமவெளியில் குறைந்த பாரத்தோடு ஓடி, குறித்த காலத்தில் ஆயில் மாற்றப்படும் வண்டிக்கு அது கட்டாயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது கெட்டித்தன்மை. சத்தம் வந்தால், கெட்டித்தன்மை எண் 90 உள்ள ஆயிலை எடுத்துவிட்டு அதைவிடக் கெட்டியான 140 ஊற்றும் வழக்கம் எங்கள் பக்கத்தில் வேரூன்றியிருக்கிறது. இதை நான் வன்மையாக மறுக்கிறேன். வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ-யின் அளவுகோலின்படி 100 டிகிரி செல்சியஸில் 90 ஆயிலின் பாகுநிலை (கெட்டித்தன்மை) 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக்ஸ் வரை. 140 ஆயிலுக்கோ 24 முதல் 32.5 வரை. தயாரிப்பாளர் 90 சொல்லியிருக்கும் இடத்தில் 140 ஊற்றினால் சத்தம் சில நாள் அமுங்கலாம். தேய்ந்த பல் வளர்ந்துவிடாது, ஆயிலைக் கடைவதற்கே டீசல் கூடுதலாகச் செலவாகும். டப்பாவில் 85டபிள்யூ-90 என்பதுபோல் எழுதியிருக்கும்போது முன்னால் நிற்கும் 75டபிள்யூ, 85டபிள்யூ போன்றவை குளிருக்கான எண்கள். 85டபிள்யூ மைனஸ் 12 டிகிரி வரைக்கும், 75டபிள்யூ மைனஸ் 40 வரைக்கும் வகுக்கப்பட்டவை. சேலத்துக்கும் தூத்துக்குடிக்கும் ஓடும் வண்டிக்கு அந்த எண்ணால் பெரிய பயன் இல்லை; குளிர்காலத்தில் காஷ்மீருக்கு லோடு ஏற்றும் வண்டிக்கு உண்டு.

அடிப்படை எண்ணெய்களின் பிரிவில் மூன்றாம் வகை எனப்படும், கடுமையாகச் சுத்திகரித்த கனிம எண்ணெயும் சிந்தெடிக் என்ற பெயரிலேயே சந்தையில் விற்கப்படுகிறது என்பதை வாசகர்கள் அறிந்திருக்க வேண்டும். ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுழல்வதைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உள்ள வண்டிக்கு, அதற்கென உராய்வுச் சீராக்கி சேர்த்த ஆயில் தேவைப்படும்.

எதை ஊற்றினாலும், வடிக்கும் போல்ட்டைக் கழற்றுவதற்கு முன் நிரப்பும் போல்ட் கழலுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் காலி ஹவுசிங்கோடு வண்டி நின்றுவிடும். ஹவுசிங்கின் காற்றுப் போக்கியான பிரீதரில் சேறு அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல் வழியே கசியும், பழி புது ஆயிலின் மேல் விழும்.

ஜிஎல் எண், பாகுநிலை எண் இரண்டையும் டப்பாவில் எப்படிப் படிப்பது என்ற விளக்கத்தை ஒரு படத்தோடு பெட்டிச் செய்தியாக அடுத்த இதழில் வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வெளிவந்தால், கத்தரித்து என் பட்டறைச் சுவரில் ஒட்டிவைப்பேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர் ஒருவர்,
சங்ககிரி.