கீமோ நோயாளிகளுக்கு வீடு தேடி வரும் நர்ஸ்: ஆவணி 1-க்குள் ரூ.3,85,000 தேவை

அன்புடையீர், வணக்கம்.

காஞ்சியில் பிறந்த அண்ணாவை 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி புற்றுநோய் கொண்டுபோனது. அவர் பெயரில்தான் காஞ்சி காரப்பேட்டைப் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. அதற்கு முன்பே, 1954-ல் அடையாறில் 12 படுக்கைகளோடு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கிய மருத்துவமனையும் ஊரார் கொடுத்த நன்கொடையில் வளர்ந்ததுதான். நம் காஞ்சிப் பிள்ளையார்பாளையத்துப் பெரியவர்களும் சளைத்தவர்களா? தறிக்கூலியில் ஒரு பங்கை ஒதுக்கி, அடுத்த வீட்டு நோயாளியை வண்டி வைத்து அனுப்பியவர்கள். அவர்கள் போட்ட பாதையில்தான் நம் குழு நடக்கிறது.

மருந்துக்குக் காப்பீட்டு அட்டை இருக்கிறது. கீமோ என்னும் புற்றுநோய் மருந்தை ஏற்றி வீட்டுக்கு அனுப்பிய பிறகுதான் திண்டாட்டம். பெரும்பாலும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள், கிருமிகளை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்துவிடும். அப்போது 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். மாத்திரை போட்டு விடியட்டும் என்றிருந்தால் உயிருக்கே ஆபத்து. நம் நர்ஸ்கள் இருவரும் ஆளுக்கொரு நோட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். யாருக்கு வாய்ப்புண், யாருக்குச் சர்க்கரை, யாருக்கு எந்தச் சாப்பாடு தங்குகிறது, எல்லாம் அதில் இருக்கும். விரல் மரத்துப்போய் இழை முடிய முடியாமல் தவித்த நெசவாளர் ஒருவர், வயசுக் கோளாறு என்று யாரிடமும் சொல்லாமல் இருந்தார். அவர் சட்டைப் பொத்தான் போடத் தடுமாறியதை நர்ஸ்தான் கவனித்தார். டாக்டரிடம் எடுத்துச் சொன்னதும் மருந்தின் அளவு மாற்றப்பட்டது.

மாதச் செலவு: இருவர் சம்பளம் 36,000, பெட்ரோல் 4,000, கையுறை, டிரெசிங் சாமான் 10,000. ஆக 50,000, ஆண்டுக்கு 6,00,000. கையிருப்பு 2,15,000 மட்டுமே. ஆவணி பிறப்பதற்குள் மீதி சேராவிட்டால் ஒரு நர்ஸை நிறுத்த வேண்டிவரும்.

போன வருஷம் கைகொடுத்தவர்களை மறக்க முடியாது. மகள் கல்யாண மொய்யில் ஒரு பங்கைக் கவரோடு தந்த குடும்பம், மாதம் தவறாமல் அனுப்பும் ஜரிகைக் கடைக்காரர், நள்ளிரவிலும் காசு வாங்காமல் வந்த ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள், முதியோர் பென்ஷனிலிருந்து நூறு ரூபாய் நீட்டிய பாட்டி, அத்தனை பேருக்கும் எங்கள் கைகூப்பிய நன்றி. வரதர் அருளால் உங்கள் குடும்பங்கள் தழைக்கட்டும்.

கருட சேவைக்குத் தண்ணீர்ப் பந்தல் போட முந்துகிறோம். பக்கத்து வீட்டுத் திண்ணையில் சுருண்டு கிடப்பவருக்குக் கொடுப்பதும் அந்தப் பெருமாளுக்குச் செய்வதுதானே? நன்கொடை நோட்டில் தொகை எழுதிவிட்டு இன்னும் தராதவர்கள் பெயரை நாங்கள் வாசிக்கப்போவதில்லை. அவரவருக்கே தெரியும்.

குழுப் பொருளாளரிடம் கொடுத்து, ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வரவு செலவு நோட்டை யார் வந்து கேட்டாலும் காட்டுவோம்.

இப்படிக்கு,
குழுவினர்