கணக்கப்பிள்ளையின் இரண்டாவது நோட்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழில் வாசகர் ஒருவர், "கிறிஸ்தவர்களுக்கு மன்னிப்பு மிக மலிவு, சனிக்கிழமை செய்ததை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் கழுவிவிடுகிறார்கள். ஒருவர் செய்த குற்றத்துக்கு இன்னொருவர் சாவது எந்த ஊர் நியாயம்?" என்று எழுதியிருந்தார். அவருடைய கோபத்தில் பாதி நியாயமானது. மீதிப் பாதிக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் நான். எனக்கு 75 வயது. தூத்துக்குடி உப்பளம் ஒன்றில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் சபையாரிடமும் முழுதாகச் சொல்லாத ஒன்றை இங்கே எழுதுகிறேன். எழுதாமல் அவருக்குப் பதில் சொல்ல முடியாது.

1983 முதல் நான்கு பருவங்கள் என் கணக்கின் கீழ் பதினான்கு பெண்கள் உப்புச் சுமந்தார்கள். வரப்பில் வாரிக் குவித்த உப்பைப் பெட்டியில் அள்ளி, தலையில் ஏற்றி, அம்பாரம் என்னும் பெருங்குவியலில் கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். விடியுமுன்னே தொடங்கிவிடுவார்கள், வெயில் ஏறினால் உப்பின் வெண்மையே கண்ணைக் குத்தும். நடைக்கு இவ்வளவு என்று கூலி. அம்பாரத்தின் அடியில் ஒரு மரப்பெட்டியின்மேல் நோட்டை விரித்து உட்கார்ந்து, யார் எத்தனை நடை வந்தார்கள் என்று கோடு போடுவது என் வேலை.

என்னிடம் இரண்டு நோட்டுகள் இருந்தன. முதலாளிக்குக் காட்டும் நோட்டில் உள்ளபடி எழுதுவேன். பெண்களுக்குக் கூலி கொடுக்க வைத்திருந்த சிறிய நோட்டில் ஆளுக்கு இரண்டு நடை குறைத்து எழுதுவேன். ஒரு நாளைக்கு ஆளுக்கு அறுபது பைசா. பதினான்கு பேருக்கும் சேர்த்தால் எட்டு ரூபாய்க்குமேல். அது என் சட்டைப்பைக்குள் போனது. முதலில் எடுத்தபோது மனைவிக்குப் பிரசவச் செலவு இருந்தது, உண்மை. ஆனால் குழந்தை பிறந்து, தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடம் போன பிறகும் எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆகவே அந்தக் காரணத்தை என் பக்கத்தில் நிறுத்திக்கொள்ள மாட்டேன்.

அந்தப் பதினான்கு பேரில் ஐம்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாள் இருந்தார். எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு நடைக்கும் ஒரு சின்னக் கிளிஞ்சலைப் பொறுக்கி முந்தானையில் முடிந்துகொள்வார். ஒரு நாள் மாலை கூலி வாங்க வந்தவர், என் மரப்பெட்டிமேல் முடிச்சை அவிழ்த்து, கிளிஞ்சல்களை நான்கு நான்காக வரிசை வைத்தார். எட்டு வரிசை. என் நோட்டில் முப்பது. நான் எல்லார் முன்பும், "எண்ணத் தெரியாதவளெல்லாம் எனக்குக் கணக்குச் சொல்ல வந்துவிட்டாயா?" என்று கத்தினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். முப்பது நடைக்கான காசை வாங்கிக்கொண்டார். கிளிஞ்சல்களை எடுக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். உப்புநீரில் வெடித்த அந்தக் குதிகால்கள் வரப்பின்மேல் நடந்துபோனதை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். மறுநாளிலிருந்து அவர் கிளிஞ்சல் பொறுக்கவில்லை.

1987இல் வேறு உப்பளத்துக்கு மாறினேன். திருட்டு நின்றது. ஆனால் அந்த எட்டு வரிசை நிற்கவில்லை. சபை நிர்வாகத்தைப் பார்க்கும் சேகரக் கமிட்டியில் என்னைச் சேர்த்தார்கள். கணக்குத் தெரிந்தவன் என்று காணிக்கை எண்ணும் பொறுப்பைக் கொடுத்தார்கள். சில்லறையை நான்கு நான்காக அடுக்கும்போது கை நடுங்கும். அப்பமும் திராட்சரசமும் பெறும் திருவிருந்து ஞாயிறு வந்தால் வயிறு எரிகிறது என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் பாதியில் எழுந்து வந்துவிடுவேன். அந்த விருந்தில் அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், போஜனபானம் பண்ணுகிறவனைப் பற்றி அப்போஸ்தலர் பவுல் எழுதியது எனக்கென்றே எழுதியதுபோல் இருக்கும்.

என்னென்னவோ செய்து பார்த்தேன். லெந்து என்னும் தவக்கால நாட்கள் நாற்பதும் ஒருவேளை உணவு. ஆலயத்துக்கு இரண்டு மின்விசிறிகள்; அவற்றில் என் பெயர். அநாதைப் பிள்ளைகளுக்குப் பண்டிகைத் துணி. ஒவ்வொன்றும் ஒரு வாரம் தாங்கும், பிறகு பழையபடி. அந்தப் பெண்களுக்குச் சேர வேண்டியதைக் கடவுளுக்குக் கொடுத்துச் சரிக்கட்டப் பார்த்தேன் என்பது அப்போது புரியவில்லை. கழுவாய், அதாவது பாவத்துக்குப் பரிகாரம், தேடுவது நம் தமிழுக்குப் புதிதல்ல. கொடுமையான பாவங்களைச் சொல்லி, அவற்றுக்கும் கழுவாய் உண்டு என்கிறது புறநானூற்றின் 34ஆம் பாட்டு. நான் தேடிய இடம்தான் தவறு.

1998 ஏப்ரல் 10, பெரிய வெள்ளிக்கிழமை. பன்னிரண்டு மணி முதல் மூன்று மணிவரை, இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளைத் தியானிக்கும் ஆராதனை. உள்ளே புழுக்கம். ஆறாம் வார்த்தையான "முடிந்தது" என்பதற்கு வந்தபோது, வயதான எங்கள் குருவானவர் கொலோசெயர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்தார். நமக்கு விரோதமாக இருந்த "கையெழுத்தைக் குலைத்து, அதை நடுவிலிராதபடிக்கு எடுத்து, சிலுவையின்மேல் ஆணியடித்து" என்று வாசித்தார். சிறு வயது முதல் எத்தனையோ முறை கேட்ட வசனம். அன்று "கையெழுத்து" என்ற சொல்லில் நின்றுவிட்டேன். எனக்கு எதிரான கையெழுத்து என் வீட்டுப் பரணில் தகரப்பெட்டிக்குள் இருந்தது. என் கையால் எழுதியது. அந்தச் சின்ன நோட்டை எரிக்கவும் துணியாமல், திறக்கவும் துணியாமல் பதினொரு வருடம் பூட்டி வைத்திருந்தேன்.

ஆண்டவர் அந்த நோட்டை ஒளிக்கவில்லை, கிழித்தும் போடவில்லை. எல்லாரும் பார்க்கும் இடத்தில் ஆணியடித்து, அதன்மேல் தாமே தொங்கினார். என் மண்டையில் உதித்தது இவ்வளவுதான். நான் உயிரைக் கொடுத்து மறைத்து வைத்திருந்ததை அவர் முன்னமே முழுதும் வாசித்துவிட்டார். வாசித்த பிறகும் என்னை விட்டுப் போகவில்லை. முன் பெஞ்சில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்தவர் எனக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுவந்தார். அன்றிரவு மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அதுதான் திருவிருந்தில் எழுந்து எழுந்து போனீர்களா?" என்று மட்டும் கேட்டாள். அதன்பின் படுத்தவன், காக்கை கத்தித்தான் எழுந்தேன். பதினைந்து வருடத்தில் அப்படித் தூங்கியதில்லை.

வாசகர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ஒருவர் குற்றத்தை இன்னொருவர் சுமப்பது எப்படி? எங்கள் வேதபாட வகுப்பில் சொல்லித் தந்தார்கள்: பதினோராம் நூற்றாண்டின் இறுதியில் அன்சேலம் என்ற பேராயர் இதைக் கடவுளுக்குப் பட்ட கடனாக விளக்கினார், அடுத்து வந்த அபெலார், நம் நெஞ்சைத் திருப்பும் அன்பாக விளக்கினார், சபைகளுக்குள் இன்னும் இதைப் பேசித் தீரவில்லை. நான் பண்டிதன் அல்லன். கணக்கு எழுதியவனாக எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கடனைத் தள்ளுபடி செய்தால் பணம் ஆவியாகப் போய்விடாது. கொடுத்தவன் பெட்டியில் அது குறையும். யாராவது ஒருவர் அந்த நட்டத்தை ஏற்றே ஆக வேண்டும். நான்கு வருடம் என் திருட்டின் நட்டத்தை அந்தப் பெண்களின் அடுப்பு ஏற்றது. மன்னிப்பு என்பதும் நட்டத்தை ஏற்பதுதான். என்னை மன்னித்தவர் சும்மா வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. வெளியாள் யாரையோ பிடித்துவந்து என் தண்டனையை அவன் தலையில் கட்டவுமில்லை. அந்தப் பெண்களைப் போன்ற எளியவர் ஒருவருக்குச் செய்தது தமக்கே செய்தது என்று சொன்னவர் அவர். என் நோட்டில் குறைக்கப்பட்டவரே நட்டத்தையும் ஏற்றார். இதில் மலிவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெரிய வெள்ளிக்கு மறுநாள், சனிக்கிழமை காலையிலேயே குருவானவரிடம் போனேன். ஜெபித்து ஆறுதல் சொல்லி அனுப்புவார் என்று நினைத்தேன். ஜெபித்தார். ஜெபம் முடிந்ததும், "அந்தப் பெண்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்?" என்று கேட்டார். காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய், முதலில் சகோதரனோடே ஒப்புரவாகு என்ற இடத்தை எடுத்துக் காட்டினார். ஒப்புரவு! திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயரிலேயே இருக்கும் சொல். நம் வேதாகமத்தை மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு தேடி எடுத்திருக்கிறார்கள்.

மோசேயின் சட்டப்படி, ஏமாற்றி எடுத்தவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி உடையவனுக்குக் கொடுத்துவிட்டுத்தான் குற்றநிவாரண பலியைக் கொண்டுவர வேண்டும். வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயுவோ, ஏமாற்றி எடுத்ததை "நாலத்தனையாக", அதாவது நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றான். வாசகர் லூக்கா 19ஆம் அதிகாரத்தை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். இயேசு முதலில் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, அவன் வீட்டுக்கே வருகிறேன் என்கிறார். நாலத்தனை என்ற பேச்சு அதன் பிறகுதான் அவன் வாயிலிருந்து வருகிறது. என் கதையும் அதே வரிசைதான். குற்ற உணர்ச்சி இருந்த வருடங்களில் அந்தப் பெண்களில் ஒருவரைப் பஸ்ஸில் கண்டால்கூட அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிடுவேன். அவர்கள் வாசலில் போய் நிற்கும் தைரியம், மன்னிக்கப்பட்டேன் என்று தெரிந்த பிறகே வந்தது.

தகரப்பெட்டியைத் திறந்து கூட்டினேன். 6,840 ரூபாய். நாலத்தனை என்றால் 27,360. பதினைந்து வருடத்தில் அரிசி விலை ஏறிய ஏற்றத்துக்கு இது தாராளம் ஒன்றும் இல்லை. என் பங்குக்கு வந்த பனந்தோப்பை விற்றேன்.

எட்டுப் பேரைக் கண்டு கையில் கொடுத்தேன். ஒருவர் பணத்தை என் காலடியில் எறிந்தார். மறுவாரம் மகளை அனுப்பி வாங்கிக்கொண்டார். ஒருவர் என்னைத் திண்ணையில் உட்காரவைத்துக் கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது: "எங்களுக்கு அப்போதே தெரியும், கணக்கப்பிள்ளை. கேட்டால் மறுநாள் வேலை இருக்காது." பதினான்கு பேரும் தெரிந்தே என் முன்னால் வந்து கைநீட்டி நின்றிருக்கிறார்கள்.

நான்கு பேர் இறந்திருந்தார்கள். கிளிஞ்சல் அம்மாளும் அவர்களில் ஒருவர். அவர் மகனிடம் போனேன். பணத்தை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். "அம்மா சாகும்வரை உங்கள் பெயரைச் சொன்னால் எழுந்து உள்ளே போய்விடுவார். நீங்களும் இனி இங்கே வராதீர்கள்" என்றார். அதன்பின் நான் போகவில்லை. வாசகரின் கோபத்தில் பாதி நியாயம் என்று சொன்னது இதற்காகத்தான். செய்தவனே எழுந்து நின்று, "ஆண்டவர் என்னை மன்னித்துவிட்டார், உனக்கு என்ன?" என்று பாதிக்கப்பட்டவரின் வாயை அடைப்பதைச் சபைகளில் நானும் பார்த்திருக்கிறேன். அது சிலுவையைத் தடியாக எடுத்து அடிப்பது. கடவுள் எனக்குக் கொடுத்த மன்னிப்பைக் காட்டி அந்த மகனிடம் மன்னிப்பை வசூலிக்க எனக்கு உரிமை கிடையாது. அந்த அம்மாளிடம் நேரில் சொல்ல வேண்டியதைச் சொல்ல எனக்கு இனி வழியும் இல்லை. எந்தப் பனந்தோப்பை விற்றும் தீர்க்க முடியாத அந்த மிச்சத்தைத்தான் நான் சிலுவையடியில் விட்டிருக்கிறேன். எட்டு வரிசைக் கிளிஞ்சல் இப்போதும் நினைவில் வருகிறது. வந்தால் எழுந்து ஓடுவதில்லை, அந்த அம்மாளுக்காகவும் அவர் வீட்டாருக்காகவும் ஜெபிக்கிறேன். அந்த மகனிடம் போய்வந்த அடுத்த மாதமே திருவிருந்தில் முழங்கால் படியிட்டேன்.

இன்னும் இருவர் பாக்கி. தாயும் மகளும். 1989 மழைக்காலத்தில் உப்பளம் நின்றபோது ஊரைவிட்டுப் போனவர்கள். திருப்பூர்ப் பக்கம் என்றார் ஒருவர், கேரளம் என்றார் இன்னொருவர். மகளுக்கு இடது புருவத்தின் நடுவில் வெட்டுத் தழும்பு இருக்கும். இப்போது அறுபதை ஒட்டிய வயது இருக்கலாம். அவர்கள் பங்கு முதலாக 976 ரூபாய், நாலத்தனையாக 3,904. விலைவாசிக்குத் தக்கபடி ஆண்டுதோறும் கூட்டித் தனி உறையில் வைத்து வருகிறேன்; எனக்குப் பின் கொடுக்கும்படி என் மகளிடமும் சொல்லியிருக்கிறேன். அறிந்தவர்கள் தங்கள் அலுவலகத்துக்கு எழுதினால் எனக்கு அனுப்பிவைக்குமாறு ஆசிரியரைக் கேட்டுக்கொள்கிறேன். அந்த உறை அவர்களுடையது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை,
தூத்துக்குடி.