பிபி நார்மல் என்று நகர்ந்துவிடலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விபத்து சிகிச்சை பற்றிய கட்டுரையில் அறுவை அரங்கைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். அதற்கு முன்னும் பின்னும் படுக்கையருகே நிற்கும் செவிலியரைப் பற்றி ஒரு வரி இல்லை. 28 ஆண்டுகள் அவசரப் பிரிவில் இருந்தவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

காயம்பட்டவரைக் கொண்டுவந்ததும் எல்லோர் கண்ணும் போவது முறிந்து வளைந்த காலுக்குத்தான். நாங்கள் பார்க்க வேண்டிய வரிசை வேறு: மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, பிறகு உடைகளை அகற்றி உடல் முழுவதும். பீறிடும் ரத்தத்தை அழுத்திப் பிடிப்பது மட்டுமே இந்த வரிசைக்கு முந்தலாம்.

வயிற்றுக்குள் கசியும் ரத்தம்தான் ஏமாற்றும். உடலின் ரத்தத்தில் 15 முதல் 30 சதவீதம் போன பிறகும் பிபி பெரும்பாலும் இறங்காது. அதற்குள் நாடி 100-ஐத் தாண்டியிருக்கும், மூச்சு வேகமெடுத்திருக்கும், கைகால் சில்லிட்டிருக்கும். (இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு நாடிகூட ஏறாமல் இருக்கலாம்.)

ஒரு நைட் ஷிப்டில் நான் பொறுப்பேற்ற இளைஞரின் சார்ட்டில் மணிக்கு மணி மூச்சு 18 என்றே எழுதியிருந்தது. பிபியும் சரி. ஆனால் அவர் போர்வையைத் தள்ளிக்கொண்டே, தண்ணீர் தண்ணீர் என்றார். வாட்சைப் பார்த்து முழு நிமிடம் எண்ணினேன். 32. டாக்டரை உடனே வரவழைத்தோம். மண்ணீரல் கிழிந்திருந்தது. பிழைத்துக்கொண்டார். முன்பு எழுதியவரை நான் குறை சொல்லமாட்டேன். அன்று அவர் ஒருவருக்கு அத்தனை படுக்கைகள். குறை, ஆள் போடாதவர்களிடம்.

தலைக்காயத்திலும் இதே கதைதான். நினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்க 1974-இல் வந்த கிளாஸ்கோ அளவுகோலில் 3 முதல் 15 வரை மதிப்பெண். கூட்டுத்தொகையை மட்டும் எழுதாமல் கண், பேச்சு, அசைவு என்று தனித்தனியாக எழுத வேண்டும். முந்தைய மணியைவிட 2 குறைந்தால் டாக்டரை எழுப்பத் தயங்கவே கூடாது. ஈர உடையை மாற்றிப் போர்த்துவதையும் சிறு வேலை என்று நினைக்காதீர்கள், உடல் குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது.

அடுத்த முறை எழுதும்போது கூட இருக்கும் உறவினர்களுக்கும் ஒரு வரி சேருங்கள். காயம்பட்டவர் திடீரென்று நிலைகொள்ளாமல் புரண்டாலோ, தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தாலோ, தண்ணீர் கொடுத்துவிடாமல் முதலில் சிஸ்டரைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்